யாரும் படுக்காத விரிப்புகள்

நான் பெங்களூருக்குப் போகிறேன் என்று தெரிந்ததும் எங்கள் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் என்னைத் தனியே அழைத்து, "வரும்போது வெத்தலை போட்டுக்கிட்டு வாங்க, வாசனை தெரியாது" என்றார். நான் குடிக்கிறவன் இல்லை. ஆனால் எங்கள் பக்கம் மதுவிலக்கு வந்த பிறகு, எல்லை தாண்டிப் பெங்களூர் போகிற ஆண்பிள்ளைக்கு வேறு காரணமே இருக்க முடியாது என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. நீராவி இன்ஜின் ஒன்றைப் பார்க்கப் போகிறேன் என்று நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை.

அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சந்தேகம்தான் என் பிழைப்பே. தர்ம ஆஸ்பத்திரியில் ஸ்டோர் கீப்பர் வேலை. பால் வந்தால் விரல் விட்டுப் பார்ப்பேன். அரிசி மூட்டை வந்தால் அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பேன். வெளுக்கப் போன படுக்கை விரிப்பு திரும்பி வந்தால், மூலையில் சேங்கொட்டை மையில் போட்ட சலவைக் குறி எங்கள் குறிதானா என்று பார்த்த பிறகே அலமாரியில் வைப்பேன். "பிள்ளை பிறந்தப்போ அதைக்கூடப் புரட்டிப் பார்த்துத்தானே கையில வாங்கினீங்க" என்பாள் என் மனைவி. வாங்கினேன். அதில் என்ன தப்பு?

போன கோடையில் நடந்தது ஒன்றைச் சொன்னால்தான் இந்தப் பயணம் புரியும். அணையில் தண்ணீர் வற்றி, கரண்ட் நினைத்தபோது போய் நினைத்தபோது வந்துகொண்டிருந்த சமயம். நெசவாளர் தெருவிலிருந்து பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்கு வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுக்க வேண்டியிருந்தது. பாதியில் விளக்கு அணைந்துவிட்டது. ஸ்டோரிலிருந்த டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடி, நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். பேட்டரி மங்க மங்க டாக்டரம்மாவின் கைகள் வேகமாயின. பிள்ளை அழுதது. தாய் விடியும் முன்பே போய்விட்டாள். விளக்கு இருந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று நான் டாக்டரம்மாவைக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் அன்று முதல், பொழுது சாய்ந்தால் கத்தியைத் தொட மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார்.

ஊர் கூடி நிதி திரட்டியது. ஒரே ஒரு தடவை வாங்கத்தான் அது போதும். டீசல் இன்ஜின் வாங்கினால் விளக்கு எரியும். ஆனால் தினமும் எண்ணெய் குடிக்கும், அதற்கு யார் ஊற்றுவது? அந்தச் சமயம் பார்த்துப் பெங்களூர்த் தரகர் கேசவலு வந்து சேர்ந்தார். அங்கே ஒரு சலவைச் சாலையில் பாய்லரும் இன்ஜினும் டைனமோவும் சேர்ந்தாற்போல் விலைக்கு இருக்கின்றனவாம். வெந்நீருக்காக நாங்கள் எப்படியும் எரிக்கிற விறகே விளக்கையும் எரித்துவிடுமாம். "கரண்ட் சும்மா வரும் சார்" என்றார். சும்மா என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு மயிர்க்கூச்செடுக்கும். ஆஸ்பத்திரிக் கமிட்டிக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். "நம்ம ஸ்டோர்காரரை அனுப்புங்க, அவரை ஏமாத்திட்டு ஒருத்தன் தப்பிச்சிட்டான்னா அவன் எமனையும் ஏமாத்துவான்" என்று தலைவர் சொல்ல, என் பெட்டி கட்டப்பட்டது.

அத்திபெலேயில் பஸ் நின்றது. எல்லை தாண்டியாயிற்று, இனி மைசூர் ராஜ்யம். டீக்கடைக்காரர் என்னிடம் தமிழிலும் டிரைவரிடம் கன்னடத்திலும் ஒரு வண்டிக்காரரிடம் தெலுங்கிலும் பேசினார். மூன்று பேருக்கும் ஒரே டீயைத்தான் கொடுக்கிறாரா என்று எட்டிப் பார்த்தேன். ஒரே டீதான். வாயில் வைத்தபோது, அது ஒருவருக்கான தூளில் மூன்று பேருக்கும் சேர்த்துப் போட்ட டீ என்றும் தெரிந்தது.

ஹெப்பகோடி நெருங்கும்போது பஸ் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டது. டிரைவர் மூடியைத் திறக்க, வெள்ளையாக ஆவி ஆள் உயரத்துக்குப் பீய்ச்சியது. எல்லோரும் இறங்கி நின்று வேடிக்கை பார்த்தோம். பக்கத்திலிருந்த கொய்யாத் தோப்புக்காரர் கன்னடத்தில் ஏதோ சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என்னவென்று கேட்டேன். "இந்தச் சூட்டுல ஒரு கல்யாணத்துக்கே சோறு ஆக்கலாமே, வீணாப் போவுதே" என்றாராம். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் போகிற காரியமே அதுதான் என்று அவருக்குத் தெரியாது.

பெங்களூர் பஸ் ஸ்டாண்டில் கேசவலு ஜட்கா வண்டியோடு காத்திருந்தார். தலையில் சரிகைத் தொப்பி, வாயில் ஓயாத பேச்சு. "ஜல்தி ஏறுங்க சார், ஊர் எப்படி, ஸ்வல்ப குளிர் இல்ல?" என்றார். நன்றாகவே குளிர்ந்தது. எங்கள் ஊரில் தோல் உரிகிற மாதத்தில் இங்கே சால்வை போர்த்திக்கொண்டு திரிகிறார்கள். பாதி வழியில் குதிரை ஒரு சாராயக்கடை வாசலில் தானாக நின்றது. வண்டிக்காரன் அடித்தான், கெஞ்சினான், அசையவில்லை. கடைசியில் அவன் உள்ளே போய்விட்டு மீசையைத் துடைத்துக்கொண்டு வந்த பிறகுதான் நகர்ந்தது. அந்தக் கடை வாசலில் ஜட்காவில் நான் பெட்டியும் கையுமாக உட்கார்ந்திருந்ததை எங்கள் ஊர்க்காரர் எவராவது பார்த்திருந்தால் என் கதி என்ன?

அல்சூர்ப் பக்கம் ஒரு லாட்ஜில் இறக்கிவிட்டார். கீழேயே சாப்பாட்டுக் கடை. சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள். ஊசிப்போன பருப்பை மறைக்கத்தான் இனிப்பு போடுகிறார்கள் என்று தீர்மானித்து வாளியை முகர்ந்து பார்த்தேன். பரிமாறுகிறவர் கன்னடத்தில் சமையல்காரரிடம், "இந்த மதராஸ்காரர் சாம்பாரைச் சாப்பிடுகிறாரா, விசாரணை பண்ணுகிறாரா?" என்று கேட்டது பக்கத்து இலைக்காரர் மூலம் எனக்கு வந்து சேர்ந்தது. காபி மட்டும் அப்பழுக்கில்லாத காபி. அதற்காக அந்த ஊரை ஓரளவு மன்னிக்கலாம்.

அறையில் படுக்கப் போகுமுன் வழக்கம்போல விரிப்பின் மூலையைத் திருப்பிப் பார்த்தேன். குதிரை லாடம் மாதிரி ஒரு வளைவு, கீழே மூன்று புள்ளி. லாட்ஜ் மானேஜரைக் கூப்பிட்டு, இது யாருடைய துணி என்று கேட்டேன். வெளுக்கக் கொடுத்த துணியை நாலு நாள் வெளியே வாடகைக்கு விடுகிற வழக்கம் எங்கள் ஊரில் உண்டு. அவர் சிரித்தார். "அந்தக் குறி குதிரைப்பட்டாளத்துப் பாரக்ஸுக்குப் போட்டது. அவங்க கப்பல் ஏறி வருஷக்கணக்கா ஆச்சு. ஏலத்துல எடுத்தேன். அதுல படுத்தவன் எவனும் இனி வந்து கேக்க மாட்டான், தைரியமா படுங்க." வெள்ளைக்காரச் சிப்பாயின் விரிப்பில் எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

மறுநாள் தொம்மலூர் போகிற வழியில் அந்தச் சலவைச் சாலைக்குப் போனோம். பெரிய ஓட்டுக் கட்டடம், உயரமான புகைபோக்கி. முதலாளி பத்மாவதி அம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார். கணவர் காலத்துக்குப் பின் தாமே நடத்துகிறார். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைப் புடவை. அவர் நடக்கும்போது காகிதம் மாதிரி சத்தம் கேட்டது.

உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. இன்ஜின் சக்கரம் சுற்ற, பெல்ட் டைனமோவை இழுக்க, வரிசையாகப் பல்புகள் எரிந்தன. இன்னொரு பெல்ட்டில் பெரிய பெரிய துவைக்கிற உருளைகள் புரண்டன. அவற்றுக்குள் வெந்நீர் கொதிக்க, விரிப்புகள் மேலும் கீழுமாக விழுந்து எழுந்தன. எனக்கு எடுத்த எடுப்பிலேயே பிடிக்கவில்லை. இவ்வளவு நன்றாக ஓடுவதை எவராவது விற்பார்களா?

"கரண்ட் எப்படிம்மா சும்மா வரும்?" என்று கேட்டேன்.

"கேசவலு அப்படிச் சொன்னாரா? சும்மா ஒண்ணும் வராதுங்க ஐயா," என்றார் அந்த அம்மாள். "நீங்க சோறு வடிக்கறீங்க. சோத்துக்குத்தான் விறகு. வடிச்ச கஞ்சியை நான் துணிக்குப் போடறேன். கஞ்சிக்குத் தனியா அடுப்பு மூட்டறனா? இங்கயும் அதான். பாய்லர்ல இருந்து ஆவி நேரா வந்து இன்ஜினைத் தள்ளுது. தள்ளிட்டு வெளிய வரும்போது அதுக்குச் சூடு போயிடறதில்லை, முக்காவாசி அப்படியேதான் இருக்கு. அந்த ஆவியை வெந்நீர்த் தொட்டிக்குள்ள விடறேன். ஒரே விறகு. ரெண்டு வேலை."

கேட்க அழகாக இருந்தது. அழகாக இருப்பதாலேயே எனக்கு உறுத்தியது. பெங்களூரில் தெருவுக்குத் தெரு நீர்மின்சாரம் ஓடுகிறது. சுவருக்குப் பின்னால் ஒரு ஒயரை இழுத்துவிட்டு, இன்ஜின் எரிக்கிற விளக்கு என்று எனக்குக் காட்ட எவ்வளவு நேரம் ஆகும்? டைனமோவிலிருந்து பல்பு வரை ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். ஏணி கேட்டு ஏறினேன். ஓட்டுக்கடியில் ஒட்டடைதான் இருந்தது. பின்பக்கம் போய்ச் சாக்கடையைக்கூடப் பார்த்தேன். சாக்கடைத் தண்ணீர் குடிக்கலாம் போலத் தெளிவாக ஓடியது. பரவாயில்லையே, சுத்தமான ஊர் என்று மனசுக்குள் ஒரு மார்க் போட்டேன்.

"நோடி சார், எங்க வேணும்னாலும் பாருங்க" என்று கேசவலு என் பின்னாலேயே வந்தார். பத்மாவதி அம்மாள் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. "ஒயர் தேடறீங்களா ஐயா? தேடுங்க. சந்தேகம் இருந்தா இப்பவே தீர்த்துக்கங்க, அப்புறம் அங்க போய்ப் பேஜார் ஆகக் கூடாது."

தெருக் கரண்ட் வருகிற பெட்டியைக் காட்டச் சொன்னேன். அதன் ப்யூஸ் கட்டைகளை நானே பிடுங்கி என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். முன்னறையில் அந்த அம்மாளின் மேஜை விளக்கு அணைந்தது. உருளைகள் நிற்கவில்லை. பல்புகள் ஒரு சிமிட்டுக்கூடச் சிமிட்டவில்லை. என் சந்தேகத்துக்குப் போக இடமில்லாமல் போயிற்று. நாளைப் பகலில் வந்து இன்னொரு தடவை முழு ஓட்டம் பார்த்துவிட்டுப் பேசி முடிக்கலாம் என்று சொன்னேன். கேசவலு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

லாட்ஜுக்குத் திரும்பி, அந்த இனிப்புச் சாம்பாரையும் சந்தோஷமாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். விடிந்து கோட்டை மாட்டும்போது பையில் ஏதோ கனத்தது. ப்யூஸ் கட்டைகள். ஒருவரை ஏமாற்றுக்காரர் என்று நினைத்து, அவர் வீட்டு விளக்கைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, ராத்திரி முழுக்க அவரை இருட்டில் உட்கார வைத்திருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது. பகல் வரை காத்திருக்கவில்லை. காபிகூடக் குடிக்காமல் புறப்பட்டேன். ஜட்கா எதுவும் கிடைக்கவில்லை. பாதி தூரம் ஒரு பஸ்ஸில் தொங்கிக்கொண்டும் மீதியை நடந்தும் போய்ச் சேர்ந்தேன்.

கதவு திறந்திருந்தது. உள்ளே லாந்தர் வெளிச்சத்தில் நாலைந்து பெண்கள் வேலையாக இருந்தார்கள். அவர்கள் செய்துகொண்டிருந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அலமாரியிலிருந்து, தேய்த்து மடித்து அடுக்கிய வெள்ளை வெளேர் விரிப்புகளைக் கட்டுக் கட்டாக எடுத்தார்கள். உதறிப் பிரித்தார்கள். தரையில் போட்டுக் காலால் மிதித்துக் கசக்கினார்கள். அப்புறம் அழுக்குத் துணிக் கூடையில் திணித்தார்கள். "இன்னும் ஸ்வல்ப நல்லா மிதிடி, நேத்து அந்த ஆளு ஏணி மேலெல்லாம் ஏறினான்" என்றாள் ஒருத்தி. மற்றவள் சிரித்துக்கொண்டே குதித்தாள்.

கூடையிலிருந்து ஒரு விரிப்பின் மூலையை இழுத்துத் திருப்பினேன். லாடக் குறி. கீழே மூன்று புள்ளி. அடுத்ததிலும் அதே குறி, அதற்கடுத்ததிலும் அதே. கப்பல் ஏறிப் போனவர்கள் விட்டுச் சென்ற விரிப்புகள். இவற்றில் யாரும் படுக்கவில்லை, யாரும் அழுக்காக்கவில்லை. சாக்கடை ஏன் தெளிவாக ஓடியது என்று அப்போதுதான் என் மண்டைக்கு எட்டியது. வாழ்நாளெல்லாம் சலவைக் குறி பார்த்தவன், நேற்று ஒயரைத் தேடி ஏணியில் ஏறிவிட்டு, கண்ணெதிரே புரண்ட துணியின் மூலையைப் பார்க்கவில்லை. அவர்களும் எனக்குச் சளைத்தவர்கள் இல்லை. சலவைக்காரர்களே துணியை வைத்து ஏமாற்றப் போய், துணியில் குறி இருப்பதை மறந்துவிட்டார்கள்.

பெண்கள் என்னைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்கள். பத்மாவதி அம்மாள் உள்ளேயிருந்து வந்தார். நான் ப்யூஸ் கட்டைகளை மேஜையில் வைத்தேன். கையிலிருந்த விரிப்பை அதன்மேல் போட்டேன்.

"டார்ச் வெளிச்சத்துல ஒரு பொண்ணு செத்துப்போனதைப் பார்த்துட்டு வந்திருக்கேம்மா. ஊரே கொடுத்த நிதி இது. எங்ககிட்ட நாடகமா ஆடறீங்க?"

அவர் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. அவரும் உட்காரவில்லை.

"நாடகம்தான் ஐயா. நிஜம்," என்றார். "துணி பொய். இன்ஜின் பொய்யில்லை. பட்டாளம் இருந்தப்போ இங்க அழுக்குத் துணி மலையாக் கிடக்கும். ராத்திரி பகல் வெந்நீர் வேணும். அத்தோட இந்தக் கட்டடத்துக்கே விளக்கு எரிஞ்சுது, உருளை ஓடிச்சு. கரண்ட் பத்தி நான் நெனச்சதே இல்லை. அப்புறம் சுதந்திரம் வந்துச்சு. கொடி கட்டினேன். தெருவுக்கே மிட்டாய் குடுத்தேன். பட்டாளம் கிளம்பிப் போச்சு. வெந்நீருக்கு வேலையில்லை. அதே விறகு எரியுது, ஆவி மட்டும் மேல குழாய்ல போவுது. அதை அண்ணாந்து பார்த்து, இந்தச் சுதந்திரம் இன்னும் பத்து வருஷம் கழிச்சு வந்திருக்கக் கூடாதான்னு நெனச்சேன். கட்டின கொடியைக்கூட அப்ப அவுத்திருக்கலை. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை."

கூடையருகே நின்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"இப்ப ஓட்டல் துணி கொஞ்சம் வருது. அதுக்குத் தெருக் கரண்டே கம்மி செலவு. பாய்லர் மூட்டினா நஷ்டம். அழுக்குத் துணியில்லாம இன்ஜினைக் காட்டினா, விறகு தின்னுற பிசாசுன்னு சொல்லிட்டு ஓடிடுவீங்க. அதான் மிதிக்கச் சொன்னேன். தப்பு என்னோடது, அவளுங்களைப் பேசாதீங்க."

நான் நம்பவில்லை. அழுகிறவர்களையும் ஒப்புக்கொள்கிறவர்களையும் ஸ்டோர் வாசலில் நிறையப் பார்த்திருக்கிறேன். "அப்படின்னா இப்ப உருளையில ஒண்ணும் போடாம ஓட்டுங்க. வெந்நீர்த் தொட்டிக்கும் விடாதீங்க. விளக்கு மட்டும் எரியட்டும்," என்றேன்.

ஓட்டினார்கள். அதே பல்புகள் அதே வெளிச்சத்தில் எரிந்தன. விறகு அதே வேகத்தில் உள்ளே போய்க்கொண்டிருந்தது. கூரைக்கு மேல் வளைந்த குழாயிலிருந்து ஆவி தடித்த வெள்ளையாக எழுந்து, தெரு மரத்தின் உச்சியைத் தாண்டிப் போயிற்று. பத்மாவதி அம்மாள் பக்கத்தில் வந்து நின்றார். "பார்த்துக்கங்க ஐயா. சோறு ஆச்சு. கஞ்சி சாக்கடைக்குப் போவுது. இதே விளக்குதான். ஆனா இப்ப இது ஊர்லயே விலை ஒசந்த விளக்கு." பிறகு உண்மையாகவே ஓட்டலிலிருந்து வந்திருந்த மஞ்சள் கறைத் துணிகளைப் போட்டு, ஆவியைத் தொட்டிக்குத் திருப்பச் சொன்னேன். வெளியே போன ஆவி நின்றது. சாக்கடையில் கலங்கலாகத் தண்ணீர் வந்தது. எவ்வளவு நேரம் அந்தக் கலங்கலைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியவில்லை. அந்தப் பயணத்தில் நான் பார்த்தவற்றில் என் மனசுக்குத் திருப்தி தந்தது அந்தச் சாக்கடைதான்.

இன்ஜினை வாங்குவது என்று அங்கேயே முடிவு செய்தேன். இங்கே வீணாகிற சூடு எங்களிடம் வீணாகாது. ஆஸ்பத்திரியில் அழுக்குத் துணிக்குப் பஞ்சமா? வெள்ளாவிக்கும் சமையலுக்கும் கத்தி கத்தரி கொதிக்க வைக்கவும் தாய்மார்களைக் குளிப்பாட்டவும் நாங்கள் ஏற்கெனவே விறகு எரித்துக்கொண்டுதான் இருக்கிறோம். விலையில் அந்த அம்மாள் நான் எதிர்பார்த்ததைவிடத் தாராளமாக இறங்கினார். அதையும் சந்தேகப்பட்டு, இன்ஜினைக் கழற்றும்போது எங்கள் ஆள் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டேன். சரி என்றார். புறப்படும்போது மட்டும், "ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்கங்க," என்றார். "எனக்குப் பட்டாளம் போனப்போ ஆன மாதிரி, உங்களுக்கும் ஒரு நாள் ஆகும். வார்டு காலியாகும். அன்னிக்கு உங்களுக்கு வயிறு எரியும். அப்ப என்னை நெனச்சுக்கங்க."

என்ன பேச்சு இது என்று நினைத்தேன். பெட்டியை எடுக்க லாட்ஜுக்கு நடந்தேன்.

திரும்புகிற பஸ்ஸில் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். விளக்கு வேண்டியது சாயங்காலம். எங்கள் சலவைக்காரர் துணி வெளுப்பதோ காலையில். விளக்கும் வெந்நீரும் ஒரே நேரத்தில் வேண்டியிருந்தால்தானே லாபம்? ஆகவே வெள்ளாவியைச் சாயங்காலத்துக்கு மாற்ற வேண்டும். அவரைச் சம்மதிக்க வைப்பது தனிப் பாடு. மழைக்காலத்தில் காய்ச்சல் வார்டு நிரம்பிவிடும், கவலையில்லை. கோடையில் பேதி வரும். தை, மாசியில்தான் இடிக்கிறது. ஊரில் அப்போது நோயே இருக்காது. பாதிக் கட்டில் காலியாகக் கிடக்கும். அந்த இரண்டு மாதமும் பத்துப் பேர் கூடுதலாக வந்து படுத்தால் சமாளித்துவிடலாம்...

அத்திபெலேயில் பஸ் நின்றபோதுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தது எனக்கே காதில் விழுந்த மாதிரி இருந்தது. பத்துப் பேர் நோயில் விழ வேண்டும் என்று நான் ஆசைப்பட்டிருக்கிறேன். கூசிப்போயிற்று. இன்ஜின் இன்னும் தொம்மலூரை விட்டே கிளம்பவில்லை. அதற்குள் எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. டீக்கடைக்காரர் மூன்று பாஷையில் என்னை அழைத்தும் நான் இறங்கவில்லை.

ஊர் வந்ததும் கம்பவுண்டர் என் பக்கத்தில் வந்து மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். ஒன்றும் கிடைக்காமல் ஏமாந்து போனார். நான் நேரே டாக்டரம்மாவிடம் போய்ப் பார்த்ததையெல்லாம் சொன்னேன். துணி மிதித்ததைச் சொன்னபோது கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"நம்பலாமா?" என்று கேட்டார்.

"இன்ஜினை நம்பலாம் டாக்டர். ஸ்டோர்காரனைத்தான் நம்பக் கூடாது," என்று சொல்லி, பஸ்ஸில் எனக்கு வந்த நினைப்பையும் மறைக்காமல் சொன்னேன். "என்னிக்காவது நான் வந்து, இந்த நோயாளி இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுமேன்னு சொன்னா, என் சாவிக் கொத்தைப் பிடுங்கிக்கங்க."

அவர் சிரிப்பு நின்றது. ஜன்னல் வழியாகப் பிரசவ வார்டைப் பார்த்தார். நெசவாளர் தெருப் பெண் கடைசியாகக் கிடந்த கட்டில் அங்கேதான் இருக்கிறது. "வார்டு காலியா இருந்தா ஆவி மேல போகட்டும்," என்றார். "எவ்வளவு விறகு ஆனாலும் ஆகட்டும். அது மேல போறதை நான் பார்க்கணும்."

இன்ஜின் வந்தது. கரண்ட் போன சாயங்காலங்களிலும் ஆபரேஷன் அறையில் விளக்கு எரிந்தது. டாக்டரம்மா மறுபடியும் கத்தியை எடுத்தார். தை மாதத்தில் ஒரு நாள், ஒரு பெண்ணுக்கு ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தபோது தெரு முழுக்க இருண்டது. எங்கள் அறை இருளவில்லை. பிள்ளையும் பிழைத்தது, தாயும் பிழைத்தாள். மற்ற வார்டுகள் பாதி காலி. துவைக்கத் துணியில்லை. குழாயைத் திருப்பிவிட, ஆவி வேப்பமரத்துக்கு மேலே வெள்ளையாக எழுந்தது. டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, அண்ணாந்து அதைப் பார்த்தபடியே நின்றார்.

நானும் பக்கத்தில்தான் நின்றேன். நான் விறகுக் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.